தகுதி என்னும் வாயில்

பொருள் வசதியற்ற மாணவர் கல்லூரியில் பயில்வதற்கு அரசு வழங்கும் உதவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். உதவி ஒரு வீடு என்றால், தகுதி அதன் வாயில். வாயிலில் கேட்கப்படும் வினா யாது என அறியாதவர், உள்ளே இடமிருந்தும் வெளியே நிற்க நேரும்.

நம் குமரி மாவட்டத்திற்கு இது புதிய செய்தியன்று. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-இல், ஆய் மன்னன் கருநந்தடக்கன் திருமால் கோயிலோடு ஒரு கல்விச் சாலையும் நிறுவினான். சட்டர் எனப்பட்ட மாணவர் 95 பேர் அங்கே உண்டு உறைந்து பயில வழிசெய்தான். அவ்விடங்களைச் செப்பேடு பங்கிட்ட முறையைப் பாருங்கள்: பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14. வேதத்தின் இன்ன கிளையினர் என்பதே அங்கு முதல் தகுதி. ஏர் பிடித்தவன் மகனுக்கும் வலை வீசியவன் மகனுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

நம் காலத்து வாயில் வேறு வினாக்களைக் கேட்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் நடந்துவந்த திருமண உதவித் திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பெற்றது. புதுமைப் பெண் என வழங்கும் அத்திட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என வகுத்தது. 2024-இல் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இவற்றில் கேட்கப்படுவது குடும்ப வருமானமன்று; எப்பள்ளியில் பயின்றாய் என்பதே. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையோ, உன் குடும்பத்தில் முன்பு எவரேனும் பட்டம் பெற்றனரா என வினவுகிறது.

மற்றொரு வாயில் வருமானம். ஆதிதிராவிட மாணவர்க்கான கல்வி உதவித்தொகைக்கு, 2021-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு விதிகள் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பை 2,50,000 ரூபாய் என வகுத்தன. மாதச் சம்பளக்காரரின் வருமானத்தை ஒரு தாளில் காட்டிவிடலாம். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட இயலாது. கடல் கொந்தளித்தால் கட்டுமரம் கரையிலேயே கிடக்கும். அத்தகைய தந்தையின் ஆண்டு வருமானத்தை எந்தத் தாள் கூறும்? உண்மையில் வறியவனுக்கே வறுமையை மெய்ப்பிப்பது அரிதாகிறது. சான்றிதழ் தாமதமானால் கட்டண நாள் கடந்துவிடும். கட்டணம் கட்டாதவன் வேலைக்குச் சென்றுவிடுவான். ஒரு தாள் இல்லாமையால் ஒரு பட்டம் இல்லாமற் போகும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடனேயே சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரி எனில் அதற்குரிய சான்றிதழையும் அப்போதே கேளுங்கள். ஆதார் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் விதிகளைப் புதிதாகப் படியுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. இது இரவலன்று, உரிமை.

உங்களுள் சிலர் நாளை அதே அலுவலகத்தில் கையொப்பமிடும் இருக்கையில் அமர்வீர்கள். அன்று எதிரே நிற்கும் மாணவனுக்கு, வாயிலில் கேட்கப்படும் வினாவை அவன் மொழியில் விளக்கிச் சொல்லுங்கள். வாயில் அகன்றதன் முழுப்பயன் அப்பொழுதே விளையும்.