கலமைன் லோஷனுக்கும் காணொளியா?

இந்த மாநாட்டுக்குத் தலைமையேற்க அழைத்தபோது மகிழ்ந்தேன். இங்கே பாதிப் பேர் எனக்குப் பாடம் எடுத்தவர்கள், மீதிப் பேர் என்னை மறுத்து எழுதியவர்கள் என்று உறைத்ததும் கொஞ்சம் உதறலும் எடுத்தது.

'தொலைவழித் தோல் சிகிச்சை: மருத்துவர்களின் மனநிலை' என்பது மாநாட்டுப் பொருள். 2019இல் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வந்ததும், கொரோனா நம்மையெல்லாம் செல்போன் முன் உட்காரவைத்ததும் நீங்கள் அறிந்தவை. அவற்றை அமர்வுகளுக்கு விட்டுவிடுகிறேன்.

2020 மார்ச் 25 தேதியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதிலுள்ள மருந்துப் பட்டியலை எத்தனை பேர் படித்தோம்? புதிய நோயாளிக்கு க்ளோட்ரிமசோல், முபிரோசின், ஏன், கலமைன் லோஷன் எழுதுவதற்குக்கூடக் காணொளியில் பார்த்திருக்க வேண்டும் என்கிறது 'ஏ' பட்டியல். ஆடுகிற காணொளியில் படர்தாமரையின் விளிம்புச் செதில் தெரியுமா? பகல் வெளிச்சத்தில் எட்டி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று என அசையாமல் எடுத்த இரண்டு படங்களில் தெரியும். நம்மவர் தோலில் சிவப்பே பல நேரம் ஊதாவாகவோ கருமையாகவோதான் தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சக் காணொளி அதையும் விழுங்கிவிடும். இங்கே இவ்வளவு கறார். மருந்துக்கடையிலோ க்ளோபெட்டசால் கலந்த களிம்பு சீட்டில்லாமல் கைமாறுகிறது. ஸ்டீராய்டு களிம்புகளுக்கு 2018இல் விதி இறுகிய பின்னும் இதுதான் நிலை. அதைப் பூசி உருக்குலைந்த படர்தாமரையோடுதானே நாம் தினமும் மல்லுக்கட்டுகிறோம்!

தொட்டுப் பார்க்காதது வைத்தியமே அல்ல என்று என் மதிப்புக்குரிய மூத்த நண்பர் மாநாடுதோறும் முழங்குவார். தொழுநோயா என்றறியத் தேமலைப் பஞ்சால் வருட வேண்டும், முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவ வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை எம்.டி. படித்த கையாகவே இருக்க வேண்டுமா? நாம் புரட்டாத ஆவணம் ஒன்று உண்டு: தொழுநோய்த் திட்டக் களப்பணியாளர்களின் உடல் வரைபடங்கள். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. தேமல் எங்கே, உணர்ச்சி எங்கே போயிற்று என்று ஊர் ஊராகப் போய்க் குறித்து வைத்தார்கள். அவர்கள் கையை நம்பித்தான் அந்தத் திட்டம் நடந்தது. இன்று கிராம சுகாதாரச் செவிலியர் கையை நம்பத் தயங்குகிறோம். நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நம்மவர் தயக்கத்துக்குத் தொடுதலைவிடக் கட்டணமும் வழக்கு பயமும்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. 'டாக்டர், இது என்னன்னு பாருங்க' என்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் வரும் மங்கலான படத்துக்குக் கட்டணமும் கிடையாது, பதிவும் கிடையாது. பிசகினால் நோட்டீஸ் மட்டும் வரும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அறிவியல் பேசுகிறோம்.

ஆகவே மாலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பயிற்சி பெற்ற பணியாளர் எடுத்து, தொட்டறிந்த குறிப்புகளோடு அனுப்பும் படத்தைக் காணொளிக்கு இணையாக ஏற்க வேண்டும். அதற்குக் கட்டணமும் பதிவும் வேண்டும். எதிர்ப்போர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயர் யாருடையதென்று எனக்குத் தெரியும்.