புகையும் ஒழியட்டும், பசியும் ஒழியட்டும்!

(பீடித் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று கசப்பான ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். மடியில் முறத்தை வைத்து, இலை வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி ஜீவனம் நடத்தும் உங்களிடமே, புகை பிடிப்பது குறைய வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறோம். இதை மழுப்பிவிட்டுப் போவது சுலபம். ஆனால் உழைக்கும் மக்களிடம் உண்மையை மறைப்பது நமது வழக்கமல்ல.

உண்மை என்ன? 1950ல் பிரிட்டனில் டால், ஹில் என்ற இரு விஞ்ஞானிகள், புகை பிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். இன்று நம் நாட்டில் புகையிலையால் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. 2016-17 கணக்கெடுப்பின்படி, சிகரெட் பிடிப்பவரைவிடப் பீடி பிடிப்பவரே அதிகம். அவர்கள் யார்? மூட்டை தூக்குபவர், வண்டி இழுப்பவர், வயலில் பாடுபடுபவர். நம்மவர்கள்! சம்பாதிக்கும் ஒருவன் இருமி இருமிச் சாகும்போது அந்த வீட்டில் அடுப்பு அணைகிறது. சுற்றும் நீங்களும் தப்பவில்லை; தூள் மூக்கில் ஏறுகிறது, விஷம் தோல் வழியே உடம்பில் இறங்குகிறது.

சர்க்கார் என்ன செய்தது? 2003ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விளம்பரம் தடுக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது குற்றமாயிற்று. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை கடுமையாக்கப்பட்டது. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவிகிதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வந்தது. இவற்றை வரவேற்கிறோம். 2009-10ல் வயது வந்தோரில் 100க்கு 14 பேர் புகைத்தார்கள்; 2016-17ல் அது ஏறக்குறைய 11 ஆகக் குறைந்தது.

ஆனால் பெட்டிக்கடையில் உதிரியாக ஒன்றிரண்டு வாங்குபவன் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை! எச்சரிக்கை அச்சிடு என்று ஒரு கையால் உத்தரவு போடும் சர்க்கார், மறு கையில் தன் ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் மூலம் பெரிய சிகரெட் கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கிறது. இது என்ன நியாயம்?

முதலாளிகளோ வரி என்றாலும் படம் என்றாலும், "ஏழைப் பெண்கள் பட்டினி கிடப்பார்களே!" என்று அழுகிறார்கள். ஆயிரம் பீடிக்குக் கூலியை உயர்த்தக் கேட்டபோது இந்தக் கண்ணீர் எங்கே போயிற்று? சுற்றிய பீடியை மட்டமென்று கழித்து, அதற்குக் கூலியும் தராதபோது எங்கே போயிற்று? தங்கள் லாபத்துக்கு உங்கள் வயிற்றைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கண்ணூரைப் பாருங்கள். 1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளத்தில் அதை அமுல் நடத்தியதும் முதலாளிகள் கடையை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். 1969ல் மாநில அரசின் உதவியோடு அத்தொழிலாளர்களே தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். பின்னாளில் பீடி விற்பனை சரிந்தபோது அழுது உட்காரவில்லை. உணவுப் பொருள், குடை, ஆடை, கம்ப்யூட்டர் வேலை என்று புதிய தொழில்களில் இறங்கினார்கள். பழைய வேலைகள் அத்தனையும் அதனால் ஈடாகிவிடவில்லை. ஆனாலும் வழி உண்டு என்பதை அது காட்டியது.

அந்த வழியைத் திறப்பது சர்க்காரின் கடமை. 2004ல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17வது ஷரத்து, புகையிலைத் தொழிலாளருக்கு மாற்றுத் தொழில் கிடைக்க உதவ வேண்டும் என்கிறது. நடந்ததோ நேர்மாறு. பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976ல் விதித்த செஸ், 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரத்தாயிற்று. 1966ம் ஆண்டுச் சட்டத்தையும் 2020ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்.

ஆகவே நாம் கோருகிறோம்: உதிரி விற்பனையை நிறுத்து! புகையிலை வரியில் ஒரு பங்கைத் தொழிலாளரின் மாற்று வாழ்வுக்கென்றே ஒதுக்கு! வேறு தொழில் கற்கும் காலத்தில் கூலி கொடு! அதுவரை சுற்றும் ஒவ்வொரு கைக்கும் நியாயமான கூலியும், பிராவிடண்ட் பண்டும், வைத்தியமும் கொடு!

தோழர்களே, பீடி பிடிப்பவனும் பீடி சுற்றுபவளும் பகையாளிகள் அல்ல. ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருவரையும் காப்பாற்றுவதே நமது போராட்டம்.