இடுப்பு வலியா? எந்தத் தேதியில?

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பெங்களூருல கோட் எழுதற ஆளு, சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். இன்னைக்கு எங்க அக்காவோட இடுப்பு வலி பத்திப் பேசப்போறேன், அவங்ககிட்ட கேட்டுட்டுதான்.

அக்காவுக்கு ரெண்டு வருஷமா கீழ் முதுகுல வலி. சில நாள் வலது தொடை வரைக்கும் இறங்கும். எம்ஆர்ஐ எடுத்தோம். டிஸ்க் லேசா புடைச்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. காரணம் கிடைச்சாச்சுன்னு எல்லாருக்கும் நிம்மதி. பெல்ட், மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் ஆச்சு. வலி மட்டும் போகல.

இங்கதான் ஏமாந்தோம். 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புப்படி, வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள்லகூட சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் புடைப்பு தெரியுது. 50 வயசுல 60 சதவீதம். லாக்ல கண்ணுல பட்ட முதல் வார்னிங்கையே பக்னு முடிவு பண்ணின கதைதான் எங்களோடது.

அப்புறம் பார்த்த ஒரு லேடி டாக்டர், "எந்தத் தேதியில வலிக்குது?"ன்னு கேட்டாங்க. அக்கா மூணு மாசம் காலண்டர்ல குறிச்சாங்க. பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிக்குது, நாலாவது நாள் அடங்குது. கால் வலியும் அதே தேதியிலதான். கடைசியில அது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையோட உள்சவ்வு மாதிரியான திசு வெளியில வளர்றது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, பீரியட்ஸ் வர்ற வயசுல இருக்கறவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கு. சாதாரண வயித்து ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் இல்லைன்னு சொல்லிட முடியாது.

முந்தி எலும்பு டாக்டர்கிட்ட போனப்போ நானும் அப்பாவும் ரூமுக்குள்ளயே நின்னோம். அக்கா பீரியட்ஸ் பத்தி வாயே திறக்கல. நாங்க வெளிய போயிருக்கணும்.

பொதுவா முதுகெலும்பு வலி அசைவோட சம்பந்தப்பட்டது. குனிஞ்சா, பளு தூக்கினா, ரொம்ப நேரம் உட்கார்ந்தா கூடும். டிஸ்க் நரம்பை அழுத்தினா முழங்காலுக்குக் கீழயும் சுரீர்னு இறங்கும், மரத்துப்போகும். கர்ப்பப்பை பக்கத்து வலி எப்படி உட்கார்ந்தாலும் பெருசா மாறாது. அடிவயித்து கனம், அதிக ரத்தப்போக்கு, உடலுறவுல வலி, நாத்தத்தோட வெள்ளைப்படுதல்னு ஏதாவது கூட வரும். ஆனா கோடு அவ்வளவு சுத்தமா இல்லை. கருப்பை இறக்கத்துல வர்ற வலி நின்னா கூடும், படுத்தா குறையும். அச்சு அசல் முதுகு வலி மாதிரியே இருக்கும்.

எங்க மாவட்டத்துல இன்னொரு சந்தேகமும் உண்டு: போர்வெல் தண்ணியில இருக்கற ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்ததே அதனாலதான். பல வருஷம் அந்தத் தண்ணியைக் குடிச்சவங்களுக்கு முதுகும் கழுத்தும் விறைச்சுப்போகலாம். வீட்டுல ஆம்பளை பொம்பளைன்னு பலருக்கும் அப்படி இருந்தா, பல்லுல பழுப்புக் கறையும் இருந்தா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சில விஷயத்துக்குக் காலண்டர் குறிச்சுக்கிட்டு இருக்காதீங்க. காலு பலமில்லாம போறது, தொடை இடுக்கு மரத்துப்போறது, ஒண்ணுக்கு வராம அடைக்கறது, காய்ச்சலோட முதுகு வலி, பீரியட்ஸ் தள்ளிப்போய் ஒரு பக்கமா திடீர் வலி. இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பீரியட்ஸ் நின்ன பிறகு மறுபடி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாம காட்டுங்க.

அக்கா இப்போ மாத்திரையில இருக்காங்க, பாதி வலி குறைஞ்சிருக்கு. காலண்டர் இன்னும் சமையலறைச் சுவத்துலதான் தொங்குது.