திருத்தணியில் பிறந்த போர்க்காலக் குடியரசுத் தலைவர்

(கார்வேட்டிநகரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் டாக்டர் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறார்கள். தத்துவ மேதை, நல்லாசிரியர் என்று நாலு வார்த்தை பேசி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு போர்களின்போது இந்த நாட்டின் தலைமைப் பீடத்தில் இருந்தவர் அவர் என்பதைச் சொல்வாரில்லை. அதைத்தான் பேச வந்தேன்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் ஜமீன். திருத்தணியும் அந்த ஜமீனைச் சேர்ந்ததே. 1888-ல் அவர் அங்கே பிறந்தபோது இதெல்லாம் வட ஆர்க்காடு மாவட்டம். தந்தை வீராசாமி ஜமீனின் வருவாய்ப் பிரிவில் சிறு உத்தியோகஸ்தர். தெலுங்குக் குடும்பம், வருமானமோ சொற்பம். பையன் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும் பிறகு வேலூரிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். உபகாரச் சம்பளம் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு நடந்திருக்காது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. இந்த ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அவர் தமிழரா, தெலுங்கரா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். மனிதர் முன்னால் பிறந்தார், எல்லைக்கோடு பின்னால் வந்தது.

பேராசிரியர், துணைவேந்தர், மாஸ்கோவில் தூதர், பத்தாண்டு துணைக் குடியரசுத் தலைவர் – இவற்றை விரிக்க நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது காசி இந்துப் பல்கலைக்கழகத்தை மூடி, இராணுவ ஆஸ்பத்திரி ஆக்கப் பார்த்தார் மாகாண கவர்னர். துணைவேந்தராக இருந்த இவர் டில்லிக்குப் போய் வைசிராயிடம் வாதாடி அதைத் தடுத்தார்.

1962 மே 13-ல் குடியரசுத் தலைவரானார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 20-ல் சீனப் படை எல்லையில் பாய்ந்தது. 26-ஆம் தேதி இவர் கையெழுத்தில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. குடியரசு அமைந்தபின் அதுவே முதல் தடவை. முப்படைகளுக்கும் தலைவர் குடியரசுத் தலைவர் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நடப்பில் மந்திரிசபை சொல்லாமல் ஒரு துப்பாக்கிகூட அசையாது. அப்படியிருக்க அவர் என்ன செய்தார்? வாய் திறந்தார். நாம் எளிதில் நம்பி ஏமாந்தோம், அசட்டையாக இருந்தோம் என்று, நேரு பிரதமராக இருக்கும்போதே, போர் நடக்கும்போதே, பகிரங்கமாகச் சொன்னார். அந்த நாளில் அப்படிப் பேசிய சாமானியனைத் தேசத்துரோகி என்றிருப்பார்கள். ஏழைப் பெண்கள் காதிலிருந்ததைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்களே, அவர்களுக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லத்தானே வேண்டும்? பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் நவம்பர் 7-ல் மந்திரிசபையை விட்டே விலகினார். 21-ல் சீனா தானாகவே போரை நிறுத்தியது.

தோழர்களே, போர் ஒரு மாதத்தில் நின்றது. நெருக்கடி நிலை நிற்கவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி பிடித்து அடைக்கப்பட்டவன், ஏன் அடைத்தாய் என்று கோர்ட்டில் கேட்கும் உரிமையும் பறிபோயிற்று. அந்த உத்தரவிலும் இவர் கையெழுத்துத்தான். 1964 டிசம்பரில் மார்க்சிஸ்ட் தலைவர்களைக் கூண்டோடு பிடித்ததும், 1965-ல் இந்தி எதிர்ப்புப் போரில் கருணாநிதியைப் பாளையங்கோட்டையில் அடைத்ததும் இந்த விதிகளைக் கொண்டுதான். சீனாக்காரனுக்காகச் செய்த பூட்டு தமிழன் வீட்டுக் கதவில் தொங்கியது!

அதே 1965 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மொழிப் பிரச்சினையில் மத்திய மந்திரி பதவியை உதறினார்கள். ராஜிநாமாவை ஏற்கும்படி பிரதமர் சாஸ்திரி எழுதி அனுப்பினார். இவர் இசையவில்லை, இறங்கி வாருங்கள் என்றார். சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி கொடுத்தார். அன்று அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். மறு ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். நேருவுக்குப் பின்னும் சாஸ்திரிக்குப் பின்னும், நந்தாவைத் தற்காலிகப் பிரதமராக்கி, ஆட்சி தடுமாறாமல் கைமாற்றிக் கொடுத்தவர் இவரே. 1967 குடியரசு தினத்தை ஒட்டிய கடைசி உரையில், நாட்டின் செல்வத்தை நிர்வகிக்கத் தெரியாத திறமையின்மை எங்கும் மலிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மே மாதம் பதவிக்காலம் முடிந்து சென்னைக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ல் மறைந்தார்.

அவர் 1962-ல் கையெழுத்திட்ட நெருக்கடி நிலை விலக்கப்பட்டது 1968 ஜனவரி 10-ல். அவர் மாளிகையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.