தைக்கத் தைக்கப் பயம் போகும்



கர்நாடகத்தில் உத்தர கன்னடம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அது காடும் மலையும் நிறைந்த பகுதி. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே மழை விடாமல் பெய்யும். தரை சில்லென்று இருக்கும்.

அங்கே சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலர் அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள். சித்தி மக்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் உண்டு. எல்லார் வீட்டிலும் ஒரே வகைப் போர்வை இருக்கும். அதன் பெயர் கவந்தி.

கவந்திக்குப் புதுத் துணி வேண்டாம். கிழிந்த சேலை, பழைய லுங்கி, பிள்ளைகளின் சட்டை எல்லாம் அதில் சேரும். ஊசியும் நூலும் இருந்தால் போதும்.

புதிதாகத் தைக்க உட்காரும் பெண்ணுக்குக் கை நடுங்கும். "துணி வீணாகிவிடுமோ? தையல் கோணினால் சிரிப்பார்களோ?" என்று நினைப்பாள். சிலேட்டில் முதல் எழுத்து எழுதும்போது வருமே, அதே பயம்தான் இது.

பயம் போகட்டும், பிறகு தைக்கலாம் என்று இருந்தால் ஊசி துருப்பிடிக்கும். தைக்கத் தைக்கத்தான் பயம் போகும்.

எப்படித் தொடங்குவது? முதலில் சிறியதாகத் தொடங்க வேண்டும். கைக்குழந்தைக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம் போதும். பழைய பருத்தித் துணிகளைத் துவைத்துக் காய வைக்க வேண்டும். நைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். உறுதியான பகுதி துண்டுகளுக்கு ஆகும்.

அடியில் ஒரு பழைய சேலைத் துணியை விரிக்க வேண்டும். சித்திப் பெண்கள் படம் வரைவதில்லை. ஓர் ஓரத்தில் தொடங்குவார்கள். துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைப்பார்கள். எல்லா அடுக்கும் சேரும்படி ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுவார்கள். சுற்றிச் சுற்றித் தைத்து நடுப்பகுதிக்கு வருவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் சிறு துணியை மடித்துப் பூப்போல வைத்துத் தைப்பார்கள்.

நூலை இறுக்கி இழுக்கக் கூடாது. இழுத்தால் துணி சுருங்கும். தையல் நீளமாகவும் இருக்கக் கூடாது. குழந்தையின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். தவறாகப் போனால் நூலை வெட்டிப் பிரிக்கலாம். மறுபடியும் தைக்கலாம். துணிக்கு ஒன்றும் ஆகாது.

தையல் சற்றுக் கோணினாலும் குளிர் தாங்கும். அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. அதனால் உடம்பின் சூடு எளிதில் வெளியே போவதில்லை. குழந்தை கதகதப்பாகத் தூங்கும்.

இந்தக் கந்தல் துணிப் போர்வைகளை 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கண்காட்சியாக வைத்தார்கள். மழைக் குளிருக்காக வீட்டில் தைத்த போர்வை, கடல் கடந்து பெருமை பெற்றது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய சேலை இருக்கும். இன்று இரண்டு துண்டை எடுங்கள். ஒரு வரி தைத்துப் பாருங்கள். நாளைக்கு இரண்டாவது வரி தானே வரும்.