வாசலுக்கு ஒரு நிழல்

(கோடைக்கால நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கத்திரி வெயில் நெருங்குகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் உயிரையும் பறிக்கும் என்பதால்தான் அந்த அறிவிப்பு. நம் வீடுகளில் பெரியவர்கள் உட்காருவதும், பெண்கள் தையல் மெஷின் போடுவதும், பிள்ளைகள் விளையாடுவதும் வாசலில்தான். அங்கே நிழல் போடுவது ஆடம்பரம் அல்ல. பெரிய செலவும் அல்ல.

முதலில் வெயில் வரும் திசையைப் பார்ப்போம். ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் பொன்னேரிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதற்கு மேலே பந்தல் வேண்டும். அஸர் நேரத்து வெயிலோ மேற்கிலிருந்து சாய்வாக வருகிறது. பந்தல் அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் மூங்கில் தட்டியோ, பழைய கெட்டிச் சேலையோ தொங்கவிட்டால் போதும்.

பந்தலுக்குச் சவுக்குக் கம்பும், நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல் வலையும் போதும். வலை 50, 75, 90 சதவீதம் என்று கிடைக்கும். உட்காரும் இடத்துக்கு 75 நல்லது. காற்று புகுந்து போவதால் அனல் தங்காது. தகரம் போட்டால் நிழலோடு அனலும் இறங்கும். ஏற்கெனவே தகரம் இருந்தால், அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வலையைக் கட்டலாம்.

தென்னங்கீற்று குளிர்ச்சிதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக்கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அடுப்புக்கும் மின்கம்பிக்கும் அருகில் கீற்று வேண்டாம். நிழல் வலையும் பிளாஸ்டிக்தான். அதையும் தள்ளியே கட்டுவோம்.

மிக்ஜாம் புயலின் காற்றை 2023 டிசம்பரில் பார்த்தோம். ஐப்பசி மழைக்கு முன் வலையை அவிழ்த்து மடித்து வைத்தால், பறந்துபோய் யார் மேலும் விழாது. அடுத்த கோடைக்கும் உதவும்.

கொஞ்சம் மண் இருந்தால் அவரை, பீர்க்கு ஏற்றலாம். நிழலோடு காயும் கிடைக்கும். இடம் இருப்பவர்கள் ஒரு வேம்போ புங்கையோ நடுங்கள். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. நம் மஹல்லாவில் தனியாக இருக்கும் முதியவர்கள், இத்தாவில் இருக்கும் சகோதரிகள் வீடுகளில் கம்பு நட ஆள் இருக்காது. வாலிபர்களே, ஒரு மாலை நேரத்தை அவர்களுக்காக ஒதுக்குங்கள். நம் வாசலில் நிழல் விழும்போது பக்கத்து வாசலையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.