வானில் தெரியும் விளங்காத ஒளிகளும் கோள்களின் இருப்பிடக் கணக்கும்

இரவு வானில் தென்பட்ட ஓர் ஒளி இன்னதென்று விளங்காதபோது முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, அந்த நேரத்தில் அந்தத் திசையில் நிலவோ கோளோ நின்றதா என்பதே ஆகும். பறக்கும் தட்டு என்று பேச்சுவழக்கிலும் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்று அறிக்கைகளிலும் குறிக்கப்படும் காட்சிகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியிலேயே தெளிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

இதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று உண்டு. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்கோங் ஏரிப் பகுதியில் காவல் புரிந்த இந்திய இராணுவத்தினர், மஞ்சள் நிற ஒளி உருண்டைகள் சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழுந்து, மணிக்கணக்கில் மெல்ல நகர்ந்து மறைவதைத் திரும்பத் திரும்பக் கண்டு பதிவு செய்தார்கள். அவ்வாறு பதிவானவை 329. அவற்றுள் 155 எல்லை மீறல்களாகவே குறிக்கப்பட்டன. உளவு பார்க்கும் ஆளில்லா விமானங்களாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ரேடார் கருவியைக் கொண்டு தேடியபோதும் எதுவும் சிக்கவில்லை. பின்னர் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்களிடம் இச்செய்தி சென்றது. பதிவான நேரத்தையும் திசையையும் கோள்களின் இருப்பிடக் கணக்கோடு ஒப்பிட்ட அவர்கள், அந்த ஒளிகள் வெள்ளியும் வியாழனும் என்று கண்டறிந்தார்கள்.

அந்த முடிவு ஏன் பொருந்துகிறது என்பதை அந்த ஆண்டின் வானமே காட்டுகிறது. 2012 ஜூன் 6 அன்று சூரிய வட்டத்தைக் கடந்த வெள்ளி, அதன்பின் விடிவெள்ளியாகி, ஆகஸ்ட் நடுவில் சூரியனிலிருந்து சுமார் 46 பாகை விலகி, பொழுது விடிவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்பே கிழக்கில் எழுந்தது. வியாழனோ டிசம்பர் 3 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அதாவது சூரியன் மறையும்போது எழுந்து இரவு முழுவதும் வானில் நின்றது. சீனப் பக்கம் கிழக்கே இருக்க, வானின் எப்பொருளும் கிழக்கில்தான் எழும் என்பதால், எல்லைக்கு அப்பாலிருந்து எதுவோ ஏவப்படுவதைப் போன்ற தோற்றம் உண்டாயிற்று. நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தும் ஈரமற்றும் இருப்பதால், சமவெளியில் மங்கலாகத் தெரியும் அடிவானத்துக் கோள்கூட அங்கே பளிச்சென்று ஒளிர்கிறது. இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அசையாத புள்ளியும் அசைவதாகக் கண்ணுக்குத் தோன்றும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் வீரர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. அவர்கள் நேரமும் திசையும் குறித்து வைத்திராவிட்டால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்கவே முடியாது.

மேற்சொன்ன நிறுவனமே, தர்மபுரி மாவட்டத்தில் உள்ள கடத்தூருக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலும் ஓர் ஆய்வகத்தை நடத்துகிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. ஆயினும் ஓர் ஒளியைச் சரிபார்ப்பதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. கடத்தூரின் வீடுகளில் கிடக்கும் பஞ்சாங்கமே பாதி வேலையை முடித்துவிடும். பலன் சொல்லும் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பஞ்சாங்கம் என்பது சூரிய சந்திரரும் கோள்களும் வான்வட்டத்தில் எங்கே இருக்கின்றன என்று கூறும் அட்டவணையாகும். ராசி ஒன்றுக்கு 30 பாகை. லக்கினம் என்பது குறித்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எழுந்துகொண்டிருக்கும் ராசி. அதற்கு ஏழாம் ராசி அந்நேரம் மேற்கில் மறைந்துகொண்டிருக்கும். ஆகவே ஒளி தெரிந்த நேரத்தின் லக்கினத்திலேயே குரு இருந்தால், கிழக்கில் தாழ நின்ற ஒளி வியாழனாக இருக்கக்கூடும். 2012 டிசம்பர் தொடக்கத்தில் குரு ரிஷபத்திலும் சூரியன் அதற்கு ஏழாம் இடமான விருச்சிகத்திலும் இருந்ததைக் கண்ட எவருக்கும், மாலையில் கிழக்கே எழுவது எது என்பது விளங்கியிருக்கும். இப்பயனுக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தைவிடத் திருக்கணிதமே ஏற்றது. ஏனெனில் பழைய வாக்கியக் கணக்கில் கோள்களின் இடம் சில பாகைகள் பிசகுவதுண்டு.

நிலவைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. ஒரு திதி என்பது சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலகும் காலம் என்பதால், திதி தெரிந்தாலே நிலவு எழும் நேரமும் மறையும் நேரமும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். வளர்பிறை அட்டமியில் அது நள்ளிரவை ஒட்டி மறையும், பௌர்ணமியில் சூரியன் மறையும் வேளையில் எழும். பார்த்தவர் நிலா வெளிச்சம் இருந்ததாகச் சொல்லி, அன்று அமாவாசை என்று கணக்கு காட்டினால், அவர் சொல்லும் தேதியையே மீண்டும் விசாரிக்க வேண்டும்.

இந்தச் சோதனை ஒரு கோளைச் சுட்டிக்காட்டுவதைப் போலவே, எந்தக் கோளும் அல்ல என்று மறுக்கவும் வல்லது என்பது பலர் கருதாத உண்மை. வெள்ளி சூரியனைவிட்டு 48 பாகைக்கு மேல் விலகுவதில்லை. எனவே கடத்தூரில் நள்ளிரவில் கண்ட ஒளியை வெள்ளி என்று சொல்வது தவறான விளக்கம். கடத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருப்பதால், நிலவோ கோள்களோ நேர் தெற்கில் சுமார் 50 பாகை உயரத்துக்குக் கீழே ஒருபோதும் நிற்பதில்லை. சேர்வராயன் மலைக்கு மேலே நேர் தெற்கில் தாழ நிற்கும் ஒளி, பிப்ரவரி மாத முன்னிரவில் என்றால், 25 பாகை உயரத்தில் தெரியும் அகத்திய நட்சத்திரமாக இருக்கலாம். கோளாக இருக்க முடியாது. சில நிமிடங்களுக்குள் வானைக் கடந்துவிடும் ஒளியும் கோளன்று. விமானமாகவோ செயற்கைக்கோளாகவோ இருக்கக்கூடும். ஏனெனில் கோள்கள் நட்சத்திரங்களைப் போலவே மணிக்கு 15 பாகை வீதந்தான் மேற்கு நோக்கி நகர்கின்றன.

எல்லாக் காட்சிகளும் இவ்வாறு தெளிந்துவிடும் என்பதில்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் 12,618 அறிக்கைகள் ஆராயப்பட்டு, 701 அடையாளம் காணப்படாமலே நின்றன. அந்த எண்ணிக்கையை வேற்றுலகத்தார் வருகைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. கிடைத்த தகவலைக் கொண்டு முடிவு சொல்ல இயலவில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே வானில் விளங்காத ஒன்றைக் காணும் நேயர்கள் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதற்கு முன், மணியையும் திசையையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை என்ற அளவில் அடிவானத்திலிருந்து அதன் உயரத்தையும் கணித்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தைப் பார்க்கவும் வேண்டும்.